புற்றுநோயாளிகள் தங்கள் நிலையைத் தாங்களே பதியும் செயலி: முதன்முறை வடிவமைப்பவர்களுக்கு

கீமோதெரபி ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனவருக்கு ஐந்தாம் நாள் வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கினாலே வலிக்கிறது. மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. ‘இதற்குப் போய் அவரைத் தொந்தரவு செய்வதா’ என்று பொறுத்துக்கொள்கிறார். சாப்பாடு குறைகிறது, எடையும் குறைகிறது. மருத்துவர் முன்னால் போய் உட்காரும்போது புண் ஆறியிருக்கும். “எப்படி இருக்கீங்க?” “பரவாயில்லை டாக்டர்.” கேஸ் ஷீட்டில் ஏறுவது அந்தப் ‘பரவாயில்லை’ மட்டும்தான்.

அந்த ஐந்தாம் நாளைப் பிடிக்கத்தான் இந்தக் கருவிகள். வலி, களைப்பு, குமட்டல், மனநிலை, அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்பதையெல்லாம் நோயாளியே போனிலோ டேப்லெட்டிலோ பதிகிறார். நடுவில் மருத்துவரோ மற்றவரோ அதற்குப் பொருள் சொல்லாமல், அவர் சொன்னது சொன்னபடியே சேர வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதை இப்படித்தான் வரையறுக்கிறது. இதற்கான கேள்வித்தொகுப்பைத் துறைக்காரர்கள் ‘ப்ரோம்’ என்பார்கள். மின்னணு முறையில் பதில் வாங்குவது ‘இ-ப்ரோ’.

டெவலப்பர், வடிவமைப்பாளர், நர்ஸ், ஆராய்ச்சி மாணவர் என யாராக இருந்தாலும், இப்படியொன்றை முதன்முதலில் செய்ய உட்கார்ந்திருப்பவருக்காக எழுதுகிறேன்.

இதனால் உண்மையில் பயன் உண்டா?

இந்தக் கேள்வியை உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள், எனவே பதிலைத் தெரிந்துவைத்திருங்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈத்தன் பாஷ் தலைமையில் நடந்த ஆய்வில், பரவிய புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்த 766 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் 12 அறிகுறிகளை இணையம் வழியாகப் பதிந்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. பதிந்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. மற்றப் பிரிவில் 18 சதவீதம். ஓராண்டுக்குள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் 34 சதவீதம், மற்றப் பிரிவில் 41. 2017-இல் வந்த தொடர்முடிவுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது: பதிந்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் 26.0 மாதம்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அதன்பின் அமெரிக்காவில் 52 சிகிச்சை மையங்களில் 1,191 பேரை வைத்து நடந்த ப்ரோ-டெக்ட் ஆய்வில் உடல் இயக்கமும் அறிகுறிக் கட்டுப்பாடும் மேம்பட்டன. ஆயுட்காலத்தில் வேறுபாடு தெரியவில்லை. ‘எங்கள் செயலி உயிரைக் காக்கும்’ என்று விளம்பரம் எழுதும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இந்த இரண்டாவது ஆய்வை அவர் கையில் கொடுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. நோயாளி மோசமாகப் பதிந்தால் ஒரு நர்ஸுக்குச் செய்தி போகும், அவர் அதைப் பார்த்து ஏதாவது செய்வார். கேள்வி கேட்டதோடு நின்றிருந்தால் இந்தப் பலன் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

முதலில் கடைசியைத் தீர்மானியுங்கள்

பெரும்பாலும் வேலை ஸ்க்ரீன் வரைவதிலிருந்துதான் தொடங்குகிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாள் எடுத்து இதை எழுதுங்கள்: ‘ஞாயிறு இரவு 11 மணிக்கு ஒருவர் மூச்சுத்திணறல் மிகக் கடுமை என்று பதிகிறார். அடுத்து என்ன நடக்கும்?’ அந்தச் செய்தி யாருக்குப் போகும், அவர் விடுப்பில் இருந்தால் யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் கூப்பிட வேண்டும், கூப்பிட்டதை எங்கே குறித்துவைப்பது? பதில் இல்லையென்றால் இன்னும் வடிவமைப்புக்கு நேரம் வரவில்லை. மருத்துவமனையோடு பேசும் நேரம் அது.

வாசல் எண்களை, அதாவது எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை போக வேண்டும் என்பதை, மருத்துவக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். பாஷ் ஆய்வில் ஒரு அறிகுறி இரண்டு படி மோசமானாலோ, மூன்றாம் படியை எட்டினாலோ நர்ஸுக்கு மின்னஞ்சல் போனது. நல்ல தொடக்கம்தான், ஆனால் அப்படியே எடுத்துக்கொண்டால் களைப்பு உங்களை மூழ்கடித்துவிடும். சிகிச்சையில் இருக்கும் பலருக்குக் களைப்பு வாரக்கணக்கில் கடுமையாகவே இருக்கும். வாராவாரம் அதே நபர், அதே களைப்பு, அதே எச்சரிக்கை என்று வந்தால் நான்காவது வாரம் நர்ஸ் அதைத் திறக்காமலே மூடுவார். நடுவில் ஒரு வயிற்றுப்போக்கு எச்சரிக்கை வந்திருந்தால் அதுவும் சேர்ந்து மூடப்படும். அதனால் நாள்பட்ட அறிகுறிகளுக்கு ‘போன தடவையைவிட மோசமா’ என்று பார்த்து மட்டும் எச்சரிப்பது, ஒருமுறை கவனித்ததைச் சில வாரம் அமைதியாக வைக்கும் வசதி, இரண்டும் தேவை.

காய்ச்சலைத் தனியாக வையுங்கள். கீமோ எடுத்தவருக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்பது பதிந்துவிட்டுக் காத்திருக்கும் விஷயமில்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். ‘ஆம், காய்ச்சல்’ என்று தொட்ட அந்த நொடியே மற்றக் கேள்விகளை நிறுத்தி, தொலைபேசி எண்ணைப் பெரிதாகக் காட்டுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நிற்காத ரத்தக்கசிவு இவற்றுக்கும் இப்படித்தான்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கவனிக்க ஆளில்லாத கேள்வியைக் கேட்காதீர்கள். ‘வாழ்வதில் பயனில்லை என்று தோன்றுகிறதா?’ என்று கேட்டுவிட்டு, ‘ஆம்’ என்ற பதில் ஒரு செர்வரில் மூன்று வாரம் தூங்கினால் அதைவிடக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

கேள்விகளைச் சொந்தமாக எழுத வேண்டாம்

பல ஆண்டுகள் சோதித்த கேள்வித்தொகுப்புகள் இருக்கின்றன. எது வேண்டும் என்பது நோக்கத்தைப் பொறுத்தது.

சிகிச்சைக் காலத்தில் பக்கவிளைவுகளைக் கண்காணிக்க என்றால் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ப்ரோ-சிடிசிஏஇ வசதியானது. அதில் 78 அறிகுறிகள், 124 கேள்விகள். பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் கேட்பதற்கில்லை. உங்கள் நோயாளிகளின் மருந்துக்கு ஏற்றவற்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். கடந்த 7 நாட்களில் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு கடுமை, அன்றாட வேலைக்கு எவ்வளவு இடையூறு என்று கேட்கும். வாழ்க்கைத் தரத்தை அளந்து மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டுமானால் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான இஓஆர்டிசியின் க்யூஎல்க்யூ-சி30 இருக்கிறது. 30 கேள்விகள், 1993-லிருந்து புழக்கத்தில் உள்ளது. அதே வேலைக்கான இன்னொரு தொகுப்பு ஃபேக்ட்-ஜி, 27 கேள்விகள் கொண்டது. வலி, களைப்பு, பசியின்மை போன்றவற்றை 0 முதல் 10 வரை சட்டென்று கேட்க எட்மன்டன் அளவீடு. மருத்துவப் பரிசோதனை ஆய்வு (க்ளினிக்கல் ட்ரயல்) என்றால் தொகுப்பை ஆய்வுத் திட்டமே சொல்லிவிடும். நீங்கள் அதில் ஒரு சொல்லையும் தொடக் கூடாது.

உரிமம் பற்றி முதல் வாரமே விசாரித்துவிடுங்கள். சில இலவசம், சிலவற்றுக்கு வணிகப் பயன்பாட்டில் கட்டணம், சிலவற்றுக்கு ஸ்க்ரீன் வடிவத்தையே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். எல்லாம் முடித்துவிட்டு இதைத் தெரிந்துகொள்வது மிகவும் கசப்பான அனுபவம்.

மதிப்பெண்ணில் ஒரு பொறி இருக்கிறது. சி30-இல் உடல் இயக்கம் போன்ற பகுதிகளில் எண் கூடினால் நல்லது. வலி, குமட்டல் போன்ற அறிகுறிப் பகுதிகளில் எண் கூடினால் மோசம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு, மேலே ஏறும் கோட்டைப் பார்த்து மகிழ்ந்த கூட்டம் ஒன்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

தமிழில் கேட்பது

தரமான மொழிபெயர்ப்புக்கு ஒரு நடைமுறை உண்டு. இருவர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், பிறகு நோயாளிகளிடம் காட்டிப் பேச வேண்டும். நேரமில்லை என்று கடைசியை வெட்டிவிடுவார்கள். உண்மையான பிழைகள் பிடிபடுவது அங்கேதான்.

சில உதாரணங்கள். ‘மயக்கம் வந்ததா?’ ஒருவருக்கு இது தலைசுற்றல், இன்னொருவருக்கு நினைவிழந்து கீழே விழுவது. முன்னது வீட்டிலிருந்து பார்த்துக்கொள்வது, பின்னது ஓட வேண்டியது. ‘சோர்வு’ என்றால் உடம்பா, மனமா? மனச்சோர்வும் அதே சொல்லில்தான் வருகிறது. உடம்பைக் கேட்க ‘களைப்பு’ அல்லது ‘அசதி’ தெளிவாக இருக்கும். ‘எரிச்சல்’ சிறுநீர் போகும்போதும் வரும், மனைவி மேலும் வரும். ‘உணர்வின்மை’ என்று அச்சில் இருப்பதை யாரும் பேச்சில் சொல்வதில்லை. ‘விரல் மரத்துப்போச்சு’ என்பார்கள். குமட்டலை ‘வாந்தி வர்ற மாதிரி’ என்று சொல்பவரிடம் வாந்தியைப் பற்றி அடுத்த கேள்வி வந்தால் ‘இதைத்தான் இப்போ சொன்னேனே’ என்று இரண்டுக்கும் ஒரே பதிலைத் தொடுவார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்த சொல் ‘மிதமான’. லேசானதற்கும் கடுமையானதற்கும் நடுவில் அதைப் போடுவது வழக்கம். ஆனால் மிதமான சூடு, மிதமான வெயில் என்று பேசிப் பழகிய காதுக்கு அது இதமான சொல். ‘லேசு’க்கும் அதற்கும் எது பெரிது என்று கேட்டால் கொஞ்சம் தடுமாறுவோம். நான்கைந்து படிகளையும் ஒரே நேரத்தில் வரிசையாகக் கண்ணில் படும்படி காட்டினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒவ்வொன்றாக மறைத்துக் காட்டும் கீழ்விரி பட்டியலில் தீராது.

காலத்தையும் கவனியுங்கள். ‘போன வாரம்’ என்றால் முடிந்துபோன அந்த வாரம். நீங்கள் கேட்க விரும்புவது இன்றோடு முடியும் ஏழு நாட்களை. ‘கடந்த 7 நாட்களில்’ என்பதை ஒவ்வொரு ஸ்க்ரீனிலும் மேலே வையுங்கள். முதல் பக்கத்தில் ஒருமுறை மட்டும் சொன்னால் மூன்றாவது கேள்விக்குள் மறந்துவிடும்.

அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பில் குறை கண்டால் நீங்களே திருத்திவிடாதீர்கள். உரிமையாளருக்கு எழுதுங்கள். அதுவரை பக்கத்தில் ஒரு சிறு விளக்கம் வைக்கலாமா என்று கேளுங்கள்.

ஸ்க்ரீன்: அந்தக் கையை நினைத்துப் பாருங்கள்

சாதாரண செயலி செய்பவருக்குத் தோன்றாத விஷயங்கள் இங்கே நிறைய உண்டு. பாக்லிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் எடுப்பவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போகும். ஆக்ஸாலிபிளாட்டின் எடுத்த சில நாட்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே சுரீரென்று குத்தும். கேபெசிடபின் எடுப்பவர்களுக்கு உள்ளங்கை சிவந்து தோல் உரியும், சிலருக்குக் கைரேகையே அழிந்துபோகும். ‘விரல் வைத்துத் திறக்கவும்’ என்பது மட்டுமே நுழையும் வழி என்றால், யாருக்காகச் செய்தீர்களோ அவரையே வெளியே நிறுத்திவிட்டீர்கள். பாஸ்வேர்டும் சிரமம்தான்; கீமோவில் மறதியும் கவனக்குறைவும் வருவது உண்டு. எஸ்எம்எஸ்ஸில் அவருக்கு மட்டுமான லிங்க், கூடவே பிறந்த ஆண்டு போன்ற எளிய உறுதிப்படுத்தல் எனத் தொடங்கலாம். எவ்வளவு கடுமையான பாதுகாப்பு வேண்டும் என்பதை உங்கள் மருத்துவமனையின் தகவல் பாதுகாப்புக் குழுவோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பட்டன் பெரிதாக இருக்கட்டும். இணைய அணுகல் விதிகளான டபிள்யூசிஏஜி 2.2 குறைந்தபட்சம் 24 பிக்சல் என்கிறது, கண்டிப்பான நிலையில் 44. நான் 44-க்குக் கீழே இறங்குவதில்லை. பட்டன்களுக்கு நடுவே இடைவெளியும் விடுவேன். ஒரு ஸ்க்ரீனில் ஒரு கேள்வி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆங்கிலத்தில் வரைந்த பட்டனில் ‘கிட்டத்தட்ட எப்போதும்’ என்று போட்டால் இரண்டு வரியாகும், எழுத்தைப் பெரிதாக்கினால் மூன்று. ஆகவே முதல் வரைபடத்தையே தமிழில் போடுங்கள்.

ஸ்லைடரைத் தவிர்க்கச் சொல்வேன். எங்கள் முதல் வடிவத்தில் 0 முதல் 10 வரை ஸ்லைடர், குமிழ் நடுவில் 5-இல் நிற்கும். பதில்களைப் பார்த்தால் எல்லோருக்கும் எல்லாமே 5. வியந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, குமிழை நகர்த்தாமலே ‘அடுத்து’ அழுத்துகிறார்கள். எந்தப் பதிலும் முன்கூட்டியே தேர்வாகியிருக்கக் கூடாது. பச்சை, மஞ்சள், சிவப்பும் வேண்டாம். பச்சை சரியான விடை போலத் தெரிகிறது, சிவப்பைத் தொடத் தயங்குகிறார்கள். அழுத முகம், சிரித்த முகம் வைத்தால் வலியைச் சொல்கிறதா மனதைச் சொல்கிறதா என்று தெரியாது.

ஒவ்வொரு பதிலும் தொட்டவுடன் சேமிக்கப்பட வேண்டும். நான்காவது கேள்வியில் வாந்தி வந்து எழுந்து போனவர் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால் ஐந்தாவது கேள்வியில் தொடர வேண்டும். முந்தைய கேள்விக்குப் போகவும், ஒரு கேள்வியைத் தாண்டவும் அனுமதியுங்கள். ‘வலி இல்லை’ என்றவரிடம் வலி அன்றாட வேலையைப் பாதித்ததா என்று கேட்காதீர்கள். கடைசியில் ‘வேறு ஏதாவது?’ என்று ஒரு இடம் விடுங்கள், அதில் குரலில் பேசும் வசதியும் இருக்கட்டும். தட்டச்சுக்கு எல்லோரும் பழகியவர்கள் இல்லை.

போனில் இணையம் இல்லாதவர்களை மறக்காதீர்கள். ப்ரோ-டெக்ட் ஆய்வில் இணையம் அல்லது தானியங்கித் தொலைபேசி அழைப்பு, இரண்டில் எது வேண்டும் என்பதை நோயாளிக்கே விட்டார்கள். அனுப்பிய வாராந்திரக் கேள்விகளில் 91.5 சதவீதத்துக்குப் பதில் வந்தது. ‘வயதானவர்களால் முடியாது’ என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் இன்னொன்றும் சொல்லுங்கள்: பாஷ் ஆய்வில் கணினிப் பழக்கம் இல்லாதவர்களுக்குத்தான் பலன் கூடுதலாகக் கிடைத்தது.

எல்லாம் முடிந்தபின் வெறும் ‘நன்றி’ போட்டு அனுப்பிவிடாதீர்கள். ‘உங்கள் பதிலை நாளை காலை 10 மணிக்குள் நர்ஸ் பார்ப்பார். அதற்குள் நிலை மோசமானால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று சொல்லுங்கள். அப்புறம் அந்த 10 மணியைக் காப்பாற்றுங்கள்.

எப்போது, யார் பதிவது?

வாரம் ஒருமுறை பெரும்பாலும் போதும். கீமோவுக்கு அடுத்த நாட்களில் கூடுதலாக ஒன்று வைக்கலாம். நேரத்தை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். பதில் வரவில்லையென்றால் ஒரு நினைவூட்டல், அப்புறமும் இல்லையென்றால் மனிதர் ஒருவர் கூப்பிட வேண்டும். பதில் வராததே ஒரு தகவல். நன்றாக இருப்பவரும் பதியாமல் விடுவார், எழுந்திருக்கவே முடியாதவரும் பதியாமல் விடுவார். இரண்டாமவரை விட்டுவிட்டு மீதிப் பதில்களுக்குச் சராசரி எடுத்தால் உங்கள் நோயாளிகள் எல்லோரும் நலமாகத் தெரிவார்கள்.

வீட்டில் பிள்ளையோ துணைவரோ உதவுவது இயல்பு. தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். கேள்வியை வாசித்துக்காட்டுவது வேறு, அவருக்குப் பதிலாகத் தானே சொல்வது வேறு. கடைசியில் ‘யார் பதிந்தது?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மகன் சத்தமாக வாசிக்கும்போது தாம்பத்தியம், மலம், சிறுநீர் பற்றிய கேள்விகளுக்கு உண்மையான பதில் வராது. அவற்றைத் தனியாகப் பிறகு பதிலளிக்கும்படி வையுங்கள்.

போன் பலருக்குப் பொதுவாக இருக்கலாம். பூட்டிய திரையில் தெரியும் அறிவிப்பில் ‘புற்றுநோய்’ என்ற சொல்லோ மருத்துவப் பிரிவின் பெயரோ வரக் கூடாது. நோயைச் சுற்றத்தாரிடம் சொல்லாதவர்கள் உண்டு. ‘இந்த வாரக் கேள்விகள் தயார்’ என்பதே போதும்.

தரவுப் பகுதியைச் சுருக்கமாக: மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான ஹெச்எல்7 ஃபயர் தரத்தில் கேள்வித்தாளுக்கும் பதில்தாளுக்கும் தனி வடிவங்கள் இருக்கின்றன. அதையே பயன்படுத்துங்கள். நர்ஸ் ஏற்கெனவே திறந்துவைத்திருக்கும் மருத்துவப் பதிவுத் திரைக்குள் இது வர வேண்டும். தனியாக லாகின் செய்ய வேண்டிய இன்னொரு டாஷ்போர்டை மூன்றாவது வாரத்துக்குப் பிறகு யாரும் திறப்பதில்லை.

ஐந்து பேரோடு உட்காருங்கள்

வெளியிடும் முன் ஐந்து முதல் பத்து நோயாளிகளோடு ஒவ்வொருவராக உட்கார்ந்து, மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே பதியச் சொல்லுங்கள். ‘இந்தக் கேள்வியை உங்கள் சொல்லில் எனக்குச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். நீங்கள் போனைத் தொடாதீர்கள், விளக்கவும் வேண்டாம். வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். உடம்பு நன்றாக இருப்பவர்களை மட்டும் பிடித்துவராமல், சிகிச்சை நடுவில் களைத்திருப்பவர் ஒருவராவது இருக்கட்டும். அவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் ஒரு சின்ன வார்டில் இரண்டு மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். எத்தனை பேர் பதிகிறார்கள் என்பதோடு, எச்சரிக்கை போனதிலிருந்து நர்ஸ் கூப்பிடும் வரை எத்தனை மணி நேரம், கூப்பிட்டபின் என்ன மாறியது என்றும் எண்ணுங்கள். டவுன்லோடு எண்ணிக்கையை யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

கடைசியாக, நிறுத்தும் பட்டன். சிகிச்சை முடிந்தவருக்கும், போதும் என்று சொன்னவருக்கும், இறந்தவருக்கும் நினைவூட்டல்கள் நிற்க வேண்டும். மருத்துவமனைப் பதிவில் இறப்பு ஏறியவுடன் எல்லா அனுப்பல்களும் தானாக நிற்கும்படி செர்வரில் இணைப்புக் கொடுங்கள். அந்தப் பதிவு சில நேரம் தாமதமாகத்தான் ஏறும் என்பதால், ஒவ்வொரு செய்தியின் கீழும் ‘இவர் இனி பதிய இயலாது’ என்று குடும்பத்தார் தொடக்கூடிய ஒரு வரி இருக்கட்டும். தொட்டால் காரணம் கேட்காதீர்கள். அடுத்த செய்தி போகாது, நர்ஸுக்கு மட்டும் ஒரு குறிப்புப் போகும், அவர் ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிடுவார்.